மூன்று திரையில் விமான சிமுலேட்டர் திணறினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

மூன்று மானிட்டரை வளைத்து வைத்து தென்னாப்பிரிக்காவின் டர்பன் கடற்கரை மேல் பறக்க ஆசைப்படும் எல்லோரும் முதலில் கேட்பது, "எந்த ஸ்லைடரைக் குறைக்கணும்?" என்பதுதான். எதையும் குறைக்காதீர்கள், இப்போதைக்கு. திணறல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் படத்தரத்தை ஏற்றி இறக்கும் எல்லா ஸ்லைடரையும் பாதியாக்கினால் மேகம் போகும், நிழல் போகும், மரம் போகும். திணறல் மட்டும் அப்படியே இருக்கும். பலர் இந்த நிலையில்தான் புது கிராஃபிக்ஸ் கார்டு வாங்கக் கிளம்புகிறார்கள். அந்தச் செலவில் பாதிக்கு மேல் தேவையில்லாதது.

ஒவ்வொரு ஃப்ரேமிலும், அதாவது திரையில் வரும் ஒவ்வொரு படத்திலும், பிராசஸர் (சிபியு) ஒரு வேலை செய்கிறது, கிராஃபிக்ஸ் கார்டு (ஜிபியு) ஒரு வேலை செய்கிறது. ஒரு வினாடியில் எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதுதான் எஃப்பிஎஸ்; இரண்டில் மெதுவானது எதுவோ அதுவே அதை முடிவு செய்கிறது. 60 எஃப்பிஎஸ் வேண்டுமென்றால் இரண்டும் 16.7 மில்லி வினாடிக்குள் முடிக்க வேண்டும். 30 போதுமென்றால் 33.3 மில்லி வினாடி வரை நேரம் இருக்கிறது. திரை கூடும்போது இந்த இரண்டில் எந்தக் கணக்கு ஏறுகிறது என்பதைக் கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

கீழே உள்ளவை மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020, 2024, எக்ஸ்-பிளேன் 12 ஆகியவற்றுக்குப் பொருந்தும்.

முதலில் ஓர் அளவுகோல்

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே விமானத்தில் அளக்க வேண்டும். நிஜ வானிலையை அணைத்துவிடுங்கள். இன்று மேகமூட்டத்தில் அளந்ததையும் நாளை வெயிலில் அளந்ததையும் ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. தெளிந்த வானம், நண்பகல், பிற விமானப் போக்குவரத்து இல்லை. டர்பனின் கிங் ஷாகா விமான நிலையத்தில் ஓடுபாதை 24-இல் இருந்து கிளம்பி, 2,000 அடியில் சமன் செய்து, கரைக்குச் சற்று வெளியே கடல் மேல் தெற்கே போங்கள். உம்ஷ்லாங்கா, வர்ஜீனியா ஓடுபாதை, பிறகு துறைமுகம். இந்தப் பாதையை நாங்கள் பரிந்துரைக்கக் காரணம் இருக்கிறது. வலது திரை முழுக்கக் கட்டடம், இடது திரை முழுக்கக் கடல். இது சோதனைக்கு எவ்வளவு உதவும் என்பது கொஞ்சத்தில் புரியும்.

அளக்கும் கருவி சிமுலேட்டருக்குள்ளேயே இருக்கிறது. மைக்ரோசாஃப்டில் ஜெனரல் ஆப்ஷன்ஸ் போய் டெவலப்பர் மோடை இயக்குங்கள். மேலே வரும் டீபக் மெனுவில் டிஸ்ப்ளே எஃப்பிஎஸ் என்பதைத் தேர்வு செய்தால், "லிமிட்டெட் பை மெயின்த்ரெட்" (பிராசஸரின் முதன்மை வேலைத்தொடர் திணறுகிறது) அல்லது "லிமிட்டெட் பை ஜிபியு" (கார்டு திணறுகிறது) என்று அதுவே சொல்லிவிடும். எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ், டேட்டா அவுட்புட் போய், முதல் வரிசையான ஃப்ரேம் ரேட்டுக்கு "ஷோ இன் காக்பிட்" பெட்டியை டிக் செய்யுங்கள். சிபியு நேரம், ஜிபியு நேரம் இரண்டும் தனித்தனியாகத் தெரியும்.

ஒரு திரையில் ஓடவிட்டு இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு மூன்று திரை. அந்தத் தாள் பக்கத்திலேயே இருக்கட்டும்.

அறிகுறி: ஒரு திரையில் பறக்கிறது, மூன்று திரையில் தவழ்கிறது

இதற்கு இரண்டு வெவ்வேறு காரணங்கள் உண்டு, வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

முதல் காரணம் புள்ளிகள். 2560 × 1440 மானிட்டர் ஒன்றில் 36,86,400 புள்ளிகள். மூன்றில் 1,10,59,200. இது ஒரு 4கே திரையை (82,94,400) விடவும் அதிகம். ஒரு 1440 திரையில் நிம்மதியாக ஓடிய கார்டு மூன்றில் மூச்சு வாங்குவது இயல்பு. இங்கே ஜிபியு நேரம் எகிறும், சிபியு நேரம் பெரிதாக அசையாது.

இரண்டாவது காரணம் காட்சிகள். என்விடியா சரவுண்ட் அல்லது ஏஎம்டி ஐஃபினிட்டி மூலம் மூன்று மானிட்டரையும் ஒரே அகலத் திரையாக ஒட்டினால், சிமுலேட்டர் உலகத்தை ஒரு தடவைதான் வரைகிறது. ஆனால் எக்ஸ்-பிளேனில் ஒவ்வொரு மானிட்டருக்கும் தனித்தனி கோணம் கொடுத்தாலும், மைக்ரோசாஃப்டில் எக்ஸ்பெரிமென்டல் பகுதியில் உள்ள பல்திரை வசதியில் புது ஜன்னல் சேர்த்தாலும், சிமுலேட்டர் உலகத்தை மூன்று தடவை வரைகிறது. எந்தக் கட்டடம் தெரியும், எது மறையும், எதை எந்த வரிசையில் வரையச் சொல்லிக் கார்டுக்கு ஆணை அனுப்ப வேண்டும் என்ற வேலை முழுவதும் திரைக்குத் திரை திரும்ப நடக்கிறது. அதைச் செய்வது பிராசஸர். இங்கே சிபியு நேரம் ஏறும்; எவ்வளவு பெரிய கார்டு வாங்கிப் போட்டாலும் குறையாது.

இப்போது அந்தக் கடற்கரைப் பாதைக்கு வாருங்கள். துறைமுகத்தை நெருங்கும்போது நிறுத்தி வைத்து, இடது திரையை மட்டும் சிமுலேட்டரில் அணையுங்கள். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதைத் திரும்ப இயக்கி, வலது திரையை அணையுங்கள். இரண்டு திரைக்கும் புள்ளி எண்ணிக்கை ஒன்றே. கடல் திரையை அணைத்தாலும் நகரத் திரையை அணைத்தாலும் எஃப்பிஎஸ் ஏறக்குறைய ஒரே அளவு ஏறினால் பாரம் புள்ளியில். கடல் திரையை அணைத்தபோது பெரிய மாற்றமில்லை, நகரத் திரையை அணைத்ததும் குபீரென்று ஏறியது என்றால் பாரம் காட்சியில்.

சரவுண்டில் பறக்கிறவர்கள் திரையைத் தனியாக அணைக்க முடியாது. அவர்களுக்கு வேறு சோதனை: எத்தனை புள்ளி வரைய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் ரெண்டர் ஸ்கேலை 100-இல் இருந்து 50-க்கு இறக்குங்கள். படம் மங்கும், பரவாயில்லை. எஃப்பிஎஸ் நன்றாக ஏறினால் கார்டு திணறியது. அசையவே இல்லை என்றால் பிராசஸர். பார்த்தபின் 100-க்குத் திருப்பிவிடுங்கள்.

கார்டு திணறினால் செய்ய வேண்டியவை: மைக்ரோசாஃப்டில் டிஎல்எஸ்எஸ் குவாலிட்டி நிலை ஒவ்வொரு அச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் வரைந்து பெரிதாக்குகிறது. ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளி சுமார் 49 லட்சமாகிறது. வேறு எந்த ஒரு மாற்றமும் இந்த அளவுக்குப் பலன் தராது. விலை என்னவென்றால், கண்ணாடித்திரை காக்பிட்டில் உள்ள எண்கள், நகரும் நாடா, இழுப்பு விழுந்தது போல் தெரியும். நீங்கள் ஐஎஃப்ஆர் (கருவிகளைப் பார்த்தே பறக்கும் முறை) பறப்பவர் என்றால் இது எரிச்சல் தரும். அப்போது டிஎல்எஸ்எஸ் வேண்டாம், வால்யூமெட்ரிக் மேகத்தை அல்ட்ராவில் இருந்து ஹைக்கு இறக்குங்கள். எக்ஸ்-பிளேனில் முதலில் தொட வேண்டியது, விளிம்புகளின் படிக்கட்டுத் தோற்றத்தை மறைக்கும் ஆன்டி-அலியாசிங். 4எக்ஸ் எம்எஸ்ஏஏ என்றால் ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு மாதிரி. மாதிரிக்கு 8 பைட் என்று வைத்தால், மூன்று 1440 திரைக்கு நிறத் தாங்கி (பஃபர்) ஒன்றே சுமார் 354 எம்பி. ஆழத் தாங்கி அதன் மேல் 177 எம்பி. 2எக்ஸ் போதும். அடுத்து மேகத் தரம், நிழல் தரம்.

பிராசஸர் திணறினால்: மைக்ரோசாஃப்டில் தரையின் நுணுக்கத்தைத் தீர்மானிக்கும் டெர்ரெயின் லெவல் ஆஃப் டீடெயில் முதல் குற்றவாளி. 200-இல் இருந்தால் 100-க்கு இறக்கி அளந்துவிட்டு, 25, 25 ஆக ஏற்றுங்கள். ஆப்ஜெக்ட் லெவல் ஆஃப் டீடெயில் அடுத்தது. பிற விமானம், தரை வாகனம், துறைமுகக் கப்பல் எல்லாம் மெயின்த்ரெட்டில்தான் உட்காருகின்றன. எக்ஸ்-பிளேனில் உலகப் பொருள்களின் எண்ணிக்கையை ஒரு படி இறக்கினாலே மூன்று காட்சியிலும் சேர்ந்து குறையும், அதனால் ஒரு திரைக்காரருக்குக் கிடைப்பதை விட உங்களுக்குப் பலன் கூடுதல். இதையும் மீறித் திணறினால் பக்கத் திரைகளைத் தனிக் காட்சியாக வைப்பதை விட்டு சரவுண்டுக்கு மாறுவது ஒரு வழி. இன்னொரு வழி எக்ஸ்-பிளேனில் இருக்கிறது: பக்கத் திரைக்கு இரண்டாவது கணினி. அதில் எக்ஸ்-பிளேன் தனியாக நிறுவப்பட வேண்டும், இரண்டிலும் ஒரே பதிப்பு, ஒரே இயற்கைக்காட்சித் தொகுப்பு, நடுவே வைஃபை இல்லாமல் கேபிள். வீட்டில் பழைய கணினி சும்மா கிடந்தால் செய்து பார்க்கத் தகுந்தது.

எக்ஸ்-பிளேன்காரர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். எஃப்பிஎஸ் சுமார் 20-க்குக் கீழே போனால் எக்ஸ்-பிளேன் பறத்தல் கணக்குக் குலையாதிருக்க நேரத்தையே மெதுவாக்கிவிடும். திரையில் விமானம் ஒழுங்காகப் பறப்பது போலவே இருக்கும், ஆனால் நிஜ நேரத்தில் மெதுவாக நகரும். ஆன்லைனில் பறக்கும்போது "உங்கள் வேகம் ஏன் குறைவு?" என்று கட்டுப்பாட்டாளர் கேட்டால் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயைச் சந்தேகிக்க வேண்டாம், ஃப்ரேம் ரேட்டைப் பாருங்கள்.

அறிகுறி: பக்கத் திரையில் கட்டடம் இழுபடுகிறது, அல்லது மானிட்டரின் விளிம்புச் சட்டத்தைத் தாண்டும்போது அடிவானம் முறிகிறது

இது வேகப் பிரச்சினை இல்லை. ஆனாலும் இதைச் சரிசெய்யாமல் வேகத்தைச் சரிசெய்வதில் பயனில்லை. கோணம் தவறாக இருந்தால் தேவையில்லாத உலகத்தையும் சேர்த்து வரைந்துகொண்டிருப்பீர்கள்.

சரவுண்டில் மூன்று திரைக்கும் ஒரே தட்டையான பார்வைத்தளம். நடுவில் இருந்து கோணம் விலக விலகப் பொருள் அகலவாக்கில் நீளும்: 45 பாகையில் 2 மடங்கு, 60 பாகையில் 4 மடங்கு. உம்ஷ்லாங்காவின் அடுக்குமாடிகள் வலது ஓரத்தில் படுத்துக்கொண்டது போல் தெரிவது இதனால்தான். சரவுண்டிலேயே இருக்க வேண்டுமென்றால் ஜூமைக் கூட்டி மொத்தக் கோணத்தைக் குறையுங்கள். இழுப்பு குறையும், பக்கத்தில் தெரிவதும் குறையும். முழுக்கத் தீராது.

தனிக் காட்சி வைப்பவர்கள் டேப் எடுத்து அளக்க வேண்டும். தேவையான எண்கள் மூன்று: திரையின் படம் தெரியும் அகலம், கண்ணில் இருந்து திரைக்கு உள்ள தூரம், இரண்டு திரை சேரும் இடத்தில் இரண்டு சட்டத்தின் மொத்தத் தடிமன். 27 அங்குல மானிட்டரின் அகலம் 59.8 செ.மீ. கண் 60 செ.மீ. தூரத்தில் இருந்தால், பாதி அகலமான 29.9-ஐ 60-ஆல் வகுத்து, அதன் டேன் தலைகீழை (கால்குலேட்டரில் டேன் மேல் மைனஸ் 1) எடுத்து இரண்டால் பெருக்குங்கள். 53 பாகை. இதுதான் ஒவ்வொரு திரையின் பார்வைக் கோணம். 70 செ.மீ. தூரம் என்றால் 46.3.

பெரும்பாலோர் இதையே பக்க விலகலாகவும் போட்டுவிடுகிறார்கள். அங்கேதான் முறிவு. சட்டம் ஒவ்வொன்றும் 8 மி.மீ. என்றால் சேருமிடத்தில் 1.6 செ.மீ. மறைகிறது. விலகல் கணக்குக்கு அகலத்தை 61.4 ஆக எடுக்க வேண்டும், விடை 54.2 பாகை. எக்ஸ்-பிளேனில் செட்டிங்ஸ், கிராஃபிக்ஸ், மானிட்டர் கான்ஃபிகரேஷன் போய் மூன்றையும் ஃபுல்-ஸ்கிரீன் சிமுலேட்டர் ஆக்கி, மூன்றுக்கும் பார்வைக் கோணம் 53. இடது திரைக்குப் பக்க விலகல் மைனஸ் 54.2, வலதுக்கு 54.2, செங்குத்து விலகலும் சுழற்சியும் பூஜ்யம். மேசை மேல் பக்க மானிட்டர்களையும் அதே 54 பாகைக்குத் திருப்பி வையுங்கள். ஸ்டாண்டில் முன்னோ பின்னோ சாய்க்காதீர்கள். கண் உயரமும் திரையின் நடு உயரமும் ஒன்றாக இருக்கட்டும்.

சரிபார்க்க எளிய வழி: 30 பாகை சாய்த்துத் திருப்பி, அடிவானம் சட்டத்தைக் கடக்கும் இடத்தைப் பாருங்கள். சட்டத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால் கோடு அந்த இடத்தில் சுமார் 9 மி.மீ. படி இறங்கி மறுபக்கம் தொடங்கும். சேர்த்திருந்தால் சட்டத்துக்குப் பின்னால் கோடு போய்க்கொண்டே இருப்பது போல் மூளை நிரப்பிக்கொள்ளும். சரவுண்டில் இதே வேலையைச் செய்வது பெசல் கரெக்ஷன். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சரவுண்ட் அமைக்கும்போதே கேட்கும். அதைப் போட்டால் மொத்த ரெசல்யூஷன் 5760 அல்லது 7680-ஐ விடக் கொஞ்சம் கூடும். அது பிழையில்லை, மறைந்த பகுதியையும் வரைவதால் வருவது.

அறிகுறி: எஃப்பிஎஸ் எண் நன்றாக இருக்கிறது, ஆனால் திரும்பும்போது வெட்டி வெட்டிப் போகிறது

45 எஃப்பிஎஸ் காட்டுகிறது, இருந்தும் கண்ணுக்குப் பிடிக்கவில்லை. காரணம் வேகம் இல்லை, சீர். வினாடிக்கு 60 தடவை படத்தைப் புதுப்பிக்கும் 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் 40 எஃப்பிஎஸ் ஓடினால் ஒரு ஃப்ரேம் ஒரு தடவையும் அடுத்தது இரண்டு தடவையும் காட்டப்படுகிறது. நேரே போகும்போது தெரியாது. திரும்பும்போது பக்கத் திரையில் தரை வேகமாக ஓடும், ஓரப்பார்வை அசைவைச் சட்டென்று பிடிக்கும், அங்கே தாங்க முடியாது. இதே காரணத்தால் ஒற்றைத் திரையில் உறுத்தாத தடுமாற்றம் மூன்று திரையில் தலைவலியாகிறது.

மருந்து: 30-இல் பூட்டுங்கள். ஒவ்வொரு ஃப்ரேமும் சரியாக இரண்டு தடவை. என்விடியா கன்ட்ரோல் பேனலில் மேக்ஸ் ஃப்ரேம் ரேட்டை 30 ஆக்கி, ஃப்ரேமை மானிட்டரின் புதுப்பிப்போடு ஒத்திசைக்கும் வி-சின்க்கை இயக்கினால் போதும். ஏறி இறங்கும் 45-ஐ விட அசையாத 30 எவ்வளவோ மேல். இதை நம்பாதவர்கள் ஒரு முறை வர்ஜீனியா ஓடுபாதைக்கு இடப்பக்க வட்டம் அடித்து இரண்டையும் ஒப்பிடட்டும். பயணிகள் விமானத்துக்கு 30 தாராளம். ஹெலிகாப்டருக்கும் சாகச விமானத்துக்கும் கொஞ்சம் பற்றாது.

மூன்று மானிட்டரும் ஒரே ஹெர்ட்ஸில் ஓட வேண்டும். நடுவில் 144, பக்கத்தில் 60 என்று இருந்தால் 144-ஐ 60-க்கு இறக்குங்கள். 30 எஃப்பிஎஸ் என்பது 144-ஐ மீதியின்றி வகுக்காது, 60-ஐ வகுக்கும்.

இன்னொரு காரணம், திரை ஒன்றில் திறந்திருக்கும் பிரவுசர். வரைபடம், யூடியூப், பறத்தல் பதிவுப் பக்கம் எல்லாம் அதே கார்டில்தான் வரையப்படுகின்றன. பிரவுசர் செட்டிங்கில் ஹார்டுவேர் ஆக்சலரேஷனை அணைத்துப் பாருங்கள்; அல்லது வரைபடத்தை டேப்லட்டுக்கு மாற்றிவிடுங்கள், அதுவே எங்கள் விருப்பம்.

அறிகுறி: ஒரு திரை மட்டும் மற்றவற்றை விடப் பின்தங்குகிறது

ஸ்லைடரைத் தொடவே வேண்டாம், மேசைக்குப் பின்னால் குனியுங்கள். கேபிள் மதர்போர்டில் செருகியிருக்கிறதா? பல கார்டுகளில் மூன்று டிஸ்ப்ளேபோர்ட்டும் ஒரு எச்டிஎம்ஐயும் இருக்கும். எச்டிஎம்ஐ கேபிள் இரண்டு இருக்கிறது என்பதற்காக இரண்டாவதை மதர்போர்டில் செருகிவிடுவது மிக வழக்கமான தவறு. அப்படிச் செய்தால் பெரிய கார்டு வரைந்த படத்தைப் பிராசஸருக்குள் இருக்கும் சிறு கிராஃபிக்ஸுக்கு ஒவ்வொரு ஃப்ரேமும் நகலெடுத்து அனுப்ப வேண்டும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே போனால் ஒவ்வொரு மானிட்டரும் எந்தக் கார்டில் இணைந்திருக்கிறது, எத்தனை ஹெர்ட்ஸில் ஓடுகிறது இரண்டும் ஒரே பக்கத்தில் தெரியும்.

ஹெர்ட்ஸ் 30 என்று காட்டினால் கேபிள் அல்லது போர்ட்டின் எல்லை. எச்டிஎம்ஐ 1.4 வழியாக 4கே படம் 30 ஹெர்ட்ஸுக்கு மேல் போகாது. 60-க்கு எச்டிஎம்ஐ 2.0 அல்லது டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேண்டும். மலிவு அடாப்டர்கள் பல இன்னும் 1.4 தான். மூன்றுக்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளே வாங்கிவிடுவது நல்லது.

அறிகுறி: இருபது, முப்பது நிமிடம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று சரிகிறது

காரணம் இரண்டில் ஒன்று: கார்டின் நினைவகம் நிரம்பிவிட்டது, அல்லது கார்டு சூடாகிவிட்டது. சரிந்த விதத்தைப் பார்த்தே பிரித்துவிடலாம். நினைவகம் நிரம்பினால் எஃப்பிஎஸ் ஒற்றை இலக்கத்துக்கு விழும், பார்வையைத் திருப்பினால் ஒரு நொடி உறையும். சூடானால் மெல்ல மெல்லக் குறைந்து ஓர் இடத்தில் நிற்கும்.

நினைவகத்துக்கு டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ், ஜிபியு பாருங்கள். டெடிகேட்டட் நினைவகம் விளிம்பைத் தொட்டு, ஷேர்டு நினைவகம் ஏறத் தொடங்கினால் கார்டு தன் பொருளைக் கணினியின் ராமில் வைத்துவிட்டு ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் போய் எடுத்து வருகிறது. எக்ஸ்-பிளேன் இங்கே வேறு மாதிரி நடந்துகொள்ளும்: அது விழாமல் டெக்ஸ்சரின் (பரப்புகள் மேல் ஒட்டப்படும் படங்களின்) தரத்தைத் தானே குறைத்துக்கொள்ளும், ஓடுபாதை எண் மங்கலாகும். 8 ஜிபி கார்டில் மூன்று 1440 திரை என்றால் டெக்ஸ்சர் ரெசல்யூஷனை அல்ட்ராவில் வைக்காதீர்கள். ஹை, தேவைப்பட்டால் மீடியம். டெக்ஸ்சர் ஒரு படி இறங்கினால் 2,000 அடியில் கண்ணுக்குத் தெரியவே தெரியாது, பார்க்கிங்கில் நிற்கும்போது மட்டும் தெரியும்.

சூடு டர்பனில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் தனிப் பிரச்சினை. பிப்ரவரி மாத டர்பனில் அறையே 30 பாகையில் புழுங்கும்போது, மூன்று மானிட்டரும் கணினியும் சேர்ந்து 500 வாட் ஹீட்டர் போல வேலை செய்கின்றன. டர்பனின் புறநகர்களான சாட்ஸ்வொர்த் ஆனாலும் ஃபீனிக்ஸ் ஆனாலும் சிறிய அறை என்றால் கதவைத் திறந்து வையுங்கள். ஜிபியு-இசட் மென்பொருளில் பெர்ஃப்கேப் ரீசன் என்ற வரியைப் பாருங்கள்: அதில் தெர்மல் என்று வந்தால் சூடு, பவர் என்று வந்தால் மின்வரம்பு. என்விடியா கார்டுகள் பல 83, 84 பாகையை ஒட்டி வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். தூசி வடிகட்டியைக் கழற்றிக் கழுவிக் காயவையுங்கள், பெட்டியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள், ஃபேன் வளைவை (சூட்டுக்கேற்ப ஃபேன் வேகம் ஏறும் கணக்கை) சற்று முன்னதாக ஏறும்படி மாற்றுங்கள். கார்டின் மின்வரம்பை 85 விழுக்காட்டுக்கு இறக்கினால் எஃப்பிஎஸ் இழப்பு மிகக் குறைவு, சூடு கணிசமாகக் குறையும். 30-இல் பூட்டுவதும் இதற்கு மருந்துதான்.

அறிகுறி: கருவியைப் பிரித்து வேறு திரையில் வைத்ததும் எஃப்பிஎஸ் விழுகிறது

மைக்ரோசாஃப்டில் வலது ஆல்ட்டை அழுத்திக்கொண்டு கருவியைச் சொடுக்கினால் அது தனி ஜன்னலாக வெளியே வரும். ஒவ்வொரு ஜன்னலுக்கும் விலை உண்டு. இரண்டு கண்ணாடித்திரையும் ஒரு எஃப்எம்சியும் (பறத்தல் மேலாண்மைக் கணினி) பிரித்துவிட்டு, கிளாஸ் காக்பிட் ரெஃப்ரெஷ் ரேட்டையும் ஹையில் வைத்தால் மெயின்த்ரெட் தாங்காது. அதை மீடியத்துக்கு இறக்குங்கள். ஜன்னலின் அளவையும் தேவைக்கு மேல் பெரிதாக்காதீர்கள். ஒன்றொன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் மில்லி வினாடியைக் குறித்துக்கொண்டால் எது தின்கிறது என்று தெரிந்துவிடும்.

அறிகுறி: தரை மட்டும் மங்கல், எஃப்பிஎஸ் நன்றாகவே இருக்கிறது

இது கார்டு இல்லை, இணையம். மைக்ரோசாஃப்ட் தரைப்படத்தை ஓடும்போதே இறக்குகிறது. 2024 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்கக் கரையோரக் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது தென்னாப்பிரிக்க இணையமே தள்ளாடியது நினைவிருக்கலாம். அப்படி நாள்களில் எந்த ஸ்லைடரும் உதவாது. பறக்கும் நேரத்தில் வீட்டில் வேறு பெரிய பதிவிறக்கம் ஓடுகிறதா பாருங்கள். அடிக்கடி ஒரே பகுதியில் பறப்பவர்கள் இறக்கிய தரைப்படத்தை வட்டில் வைத்துக்கொள்ளும் ரோலிங் கேஷை 8 ஜிபியில் இருந்து 32 அல்லது 64 ஜிபிக்கு ஏற்றி எஸ்எஸ்டியில் வைத்தால் டர்பனும் டிராக்கன்ஸ்பெர்க்கும் இரண்டாம் தடவை வட்டில் இருந்தே வரும்.

அறிகுறி: லோட் ஷெடிங் முடிந்து மின்சாரம் வந்தபின் எல்லாம் குழம்பியிருக்கிறது

யுபிஎஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது நடக்கிறது, ஏனென்றால் கணினி மட்டும் யுபிஎஸ்ஸில், மானிட்டர் மூன்றும் சுவரில் உள்ள மல்டிபிளக்கில். டிஸ்ப்ளேபோர்ட் மானிட்டர் மின்சாரம் இழந்தால் விண்டோஸ் அதைக் கழற்றிவிட்டதாகவே நினைக்கும். சரவுண்ட் உடைந்து, ஜன்னல்கள் எல்லாம் உயிரோடிருக்கும் திரைக்குள் குவியும். மானிட்டர் ஒன்று 30 வாட் அளவில்தான் இழுக்கும், மூன்றையும் யுபிஎஸ்ஸில் சேருங்கள். ஆனால் கணக்குப் போட்டுச் சேருங்கள்: 1000 விஏ என்று எழுதிய யுபிஎஸ் பல 600 வாட் மட்டுமே தரும். பறக்கும்போது கணினியும் மானிட்டரும் 500 வாட் இழுத்தால் அது சில நிமிடத்துக்குத்தான் தாங்கும். அதைப் பறத்தலைச் சேமித்து முறையாக அணைக்கப் பயன்படுத்துங்கள். இரண்டு மணி நேரம் பறக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும் வேண்டும்.

சரவுண்ட் உடைந்திருந்தால் கன்ட்ரோல், ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், திரும்ப ஒட்டிக்கொள்ளும். சிமுலேட்டர் ஓடும்போதே மின்சாரம் போயிருந்தால் ரோலிங் கேஷ் கோப்பு கெட்டிருக்க வாய்ப்பு அதிகம்: தரையில் முக்கோணக் குத்துகள், ஒரே இடத்தில் தவறாமல் உறைவது எல்லாம் அதன் அறிகுறி. டேட்டா பகுதியில் ரோலிங் கேஷை அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குங்கள். முதல் பறத்தல் கொஞ்சம் தடுமாறும், கேஷ் நிரம்ப நிரம்பச் சரியாகிவிடும்.

அறிகுறி: "டிவைஸ் ஹங்" என்று சொல்லி மூடிக்கொள்கிறது

கார்டு 2 வினாடி வரை பதில் சொல்லாவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீட்டமைக்கும், சிமுலேட்டர் விழும். ரெஜிஸ்ட்ரியில் அந்த 2 வினாடியை நீட்டச் சொல்லும் ஆலோசனையை முதலில் எடுக்காதீர்கள். கார்டு, ராம் இரண்டின் ஓவர்கிளாக்கையும் (இயல்பை மீறி ஏற்றிய வேகத்தையும்) எடுத்துவிட்டு, நினைவகம் நிரம்புகிறதா என்று மேலே சொன்னபடி பார்த்து, பழைய டிரைவரை முழுக்கத் துடைத்துப் புதியதைப் போடுங்கள். பிறகும் விழுந்தால் இரண்டு திரையில் ஓட்டிப் பாருங்கள். இரண்டில் விழாமல் மூன்றில் மட்டும் விழுந்தால் மூன்றாவது கேபிளை மாற்றுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் பவர் சப்ளையின் வாட்டைக் கார்டின் தேவையோடு ஒப்பிட்டு, கார்டுக்குப் போகும் இரண்டு மின் இணைப்புக்கும் தனித்தனி வயர் இழுங்கள்.